தராசு யார் பக்கம் திரும்பியிருக்கிறது

எங்கள் ஊரில் நியாய விலை என்றால் ரேஷன் கடை. அரிசி, சீனி, துவரம்பருப்பு, பாமாயில். சின்ன வயதில் வரிசையில் நிற்கும்போது அந்தப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன், அதனால் அந்த இரண்டு சொல்லும் எனக்கு அரிசிப் பையோடுதான் ஒட்டியிருக்கின்றன. வாங்குகிறவருக்குக் கட்டுப்படியாகிற விலைதான் நியாய விலை, வேறு அர்த்தம் அதற்கு இருக்க முடியும் என்றே தோன்றியதில்லை. சில வருடங்களுக்கு முன்பு நெதர்லாந்தில் இருக்கும் தங்கை விடுமுறைக்கு வந்தபோது ஒரு காப்பிப் பொட்டலம் கொண்டுவந்தாள். ஓரத்தில் ஒரு முத்திரை. என்னடி இது என்று கேட்டதற்கு, “நியாய வணிகக் காப்பிக்கா” என்றாள். விலை குறைவு போல என்று நினைத்தேன். விலையைச் சொன்னாள். நாங்கள் வாங்கும் தூளைவிட இரண்டு மடங்குக்கும் மேல். “விளைவிச்சவங்களுக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கினதுன்னு அர்த்தம்” என்றாள்.

நெல்லுக்கு அரசு ஆதரவு விலை உண்டு, கரும்புக்கு உண்டு, அதெல்லாம் தெரியும். காப்பிக்கு அப்படி எதுவும் கிடையாது. தினமும் காலையில் எழுந்ததும் முதலில் வாயில் வைக்கிற பொருள், அதை விளைவிக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று ஐம்பதை நெருங்கும் இந்த வயதுவரை ஒரு நாளும் கேட்டதில்லை. இத்தனைக்கும் திண்டுக்கல்லில் இருக்கிறேன். காப்பி விளைகிற மலை எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெரியும்.

மறுநாள் தூள் வாங்கப் போனபோது இதை எங்கள் தெரு முனை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவருடைய கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். உள்ளே ஒரு வறுக்கும் உருளை, ஒரு அரவை எந்திரம், சுவரோரம் சாக்குகள், முன்னால் கண்ணாடிப் பெட்டியில் பீபெரி, பிளான்டேஷன் ஏ, ரோபஸ்டா என்று தனித்தனியாகக் கொட்டை. சாயங்காலம் ஐந்து மணிக்கு உருளையை ஓட்டுவார். பச்சைக் கொட்டை முதலில் மஞ்சளாகும், வைக்கோல் போல ஒரு வாசம் வரும், அப்புறம் பழுப்பேறி பட் பட்டென்று வெடிக்கத் தொடங்கும். அந்த முதல் வெடிப்பு ஓய்ந்து இரண்டாவது வெடிப்பு கேட்க ஆரம்பிப்பதற்குள் தட்டில் கொட்டிவிட வேண்டும், ஒரு நிமிஷம் அசந்தால் கரிந்துவிடும். கொட்டியதும் எழுகிற வாசம்தான் எங்கள் தெருவுக்குக் கடிகாரம். அந்த வாசம் வந்தால் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம்.

தெருவில் எந்த வீட்டுக்கு என்ன கலவை என்பது அவருக்கு மனப்பாடம். எங்கள் வீட்டுக்கு எண்பதுக்கு இருபது, எதிர் வீட்டுக்குச் சிக்கரியே கூடாது, பள்ளிவாசல் பக்கத்து டீக்கடைக்கு அறுபதுக்கு நாற்பது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கேட்காமலேயே அரைக் கிலோ தூள் போய்விடும், காரியம் முடிந்து அந்த வீட்டார் வந்து கணக்குப் பார்த்தால் வாங்கிக்கொள்வார், பார்க்காவிட்டால் கேட்க மாட்டார். மாசித் திருவிழாவுக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்கு ஒரு நாள் காப்பி அவருடையது. கடன் நோட்டில் இருக்கிற பெயர்களில் பாதி ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். அப்படி ஒரு கடை. இப்படிக் கடை கும்பகோணத்திலும் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் எத்தனையோ இருக்கின்றன, படிக்கிற உங்களுக்கும் ஒன்று ஞாபகம் வந்திருக்கும்.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எனக்குத் தெரு தெரியும்மா. மலை தெரியாது” என்றார். கொட்டை எங்கிருந்து வருகிறது என்றால், பட்டிவீரன்பட்டியில் ஒரு வியாபாரியிடமிருந்து சாக்கு சாக்காக. அந்த வியாபாரிக்கு எங்கிருந்து? மேலிருந்து. அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, அவருடைய அப்பாவுக்கும் தெரியாது.

பட்டிவீரன்பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கீழ்ப்பழனி மலையில் விளையும் காப்பி இறங்கி வருகிற ஊர் அது, காப்பியைத் தோல் நீக்கித் தரம் பிரிக்கிற ஆலைகளும் வியாபாரமும் தலைமுறைகளாக அங்கே உண்டு. சென்னையில் பாண்டி பஜாருக்குப் பெயர் கொடுத்த டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியனாருக்கு அதுதான் ஊர். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். பாண்டி பஜாரில் நடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு காப்பி மலை நிற்பது தெரியுமோ.

அடுத்த மார்கழியில் அண்ணாச்சி மலைக்குப் போனார், நானும் கூடப் போனேன். சித்தரேவு தாண்டிப் பெரும்பாறை, மங்களம்கொம்பு வழியாகத் தாண்டிக்குடி பக்கம். காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான் இருக்கிறது. ஊரில் நம் மனதில் இருக்கும் தோட்டம் தேயிலைத் தோட்டம், வெட்டிவிட்ட பச்சைக் கம்பளம் போல. காப்பித் தோட்டம் அப்படி இல்லை, அதைக் காடு என்றுதான் அங்கே சொல்கிறார்கள், பார்த்தாலும் காடுதான். மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, நடுவில் பலா, ஆரஞ்சு, மலைவாழை, அவற்றின் நிழலில் காப்பிச் செடி. ஒரு செடியிலேயே பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் ஒரே கொத்தில் இருக்கும். சிவந்ததை மட்டும் விரலால் திருகி எடுக்க வேண்டும். கொத்தோடு உருவினால் வேலை வேகமாக முடியும், ஆனால் பச்சைக் காயும் சேர்ந்து வந்துவிடும், அந்தப் பச்சைக் காய்தான் பிறகு உங்கள் டம்ளரில் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு.

நாங்கள் போனது ஒரு அக்காவின் காட்டுக்கு. இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நாட்டில் காப்பி விளைவிக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படிச் சின்ன அளவில் வைத்திருப்பவர்கள்தான், பெரிய எஸ்டேட்டுகள் எண்ணிக்கையில் ரொம்பக் கொஞ்சம். கணவர் இல்லை, மகன் வத்தலக்குண்டில் படிக்கிறான். பறித்த பழத்தை அன்று சாயங்காலமே ரோட்டுக்குக் கொண்டுவந்து வியாபாரியின் வேனில் ஏற்ற வேண்டும். ஏன் பழமாகவே விற்கிறீர்கள், தோல் நீக்கிக் காயவைத்து விற்றால் கூடுதலாகக் கிடைக்குமே என்று அண்ணாச்சி கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே அண்ணாந்து வானத்தைக் காட்டினார். பறித்த பழம் ஒரு ராத்திரி குவியலாகக் கிடந்தால் புளிக்க ஆரம்பித்துவிடும். தோல் உரிக்கப் பல்பர் எந்திரம் வேண்டும், கழுவத் தண்ணீர் வேண்டும், காயவைக்கக் களம் வேண்டும், அதற்கு மேல் பத்து நாள் வெயில் வேண்டும். அந்தப் பக்கம் பழம் பழுக்கிற காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுகின்றன. வேனில் ஏற்றிவிட்டால் கவலை முடிந்தது.

வேன் வந்தது. அங்கே ஒன்றைப் பார்த்தேன், இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை. வேனின் பின்பக்கம் ஒரு வட்டத் தராசு, கடிகாரம் மாதிரி முள் சுற்றுகிற தராசு, கொக்கியில் தொங்குகிறது. அதன் முகம் வேனுக்கு உள்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கிறது. உள்ளே நிற்கிற ஆள் எடையைச் சத்தமாகச் சொல்கிறார், சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கிறார், நோட்டில் எழுதுகிறார். கீழே நிற்கிற அக்காவுக்குத் தெரிவது தராசின் முதுகு. முப்பது வருடமாக அவர் பார்த்துக்கொண்டிருப்பது அந்தத் தகர முதுகைத்தான். ஏமாற்றுகிறார்களா என்று கேட்டேன். “தெரியலையேம்மா. பாத்தாத்தானே தெரியும்?” என்றார்.

விலை என்ன என்றும் அவர் கேட்கவில்லை. கேட்டுப் பயன் இல்லை, ஏனென்றால் ஜூன் மாதம் மகனுக்குப் பீஸ் கட்ட அந்த வியாபாரியிடம்தான் முன்பணம் வாங்கியிருந்தார். முன்பணம் வாங்கினால் பழத்தை அவருக்கே போட வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. எழுத்தில் எதுவும் கிடையாது, எல்லாம் வாய் வார்த்தைதான், ஆனால் யாரும் மீறுவதில்லை.

முன்பணம் என்ற சொல்லுக்கு மலையில் ஒரு பழைய வரலாறு இருக்கிறது. தேயிலைக்கு முன்னால் இலங்கையின் கண்டி மலைகளில் இருந்தது காப்பிதான். மதுரை, திருச்சி, ராமநாதபுரம் பக்கத்துச் சனங்கள் பஞ்சத்துக்குப் பயந்து, ஆள் சேர்க்க வந்த கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு, கடல் தாண்டி, மாத்தளை வழியாகக் காட்டுக்குள் நடந்தே போனது அந்தக் காப்பியைப் பறிக்கத்தான். எத்தனையோ பேர் வழியிலேயே காலராவிலும் காய்ச்சலிலும் போய்ச் சேர்ந்தார்கள். 1869-இல் இலைத் துரு நோய் வந்து அந்தக் காப்பியே அழிந்து தேயிலை வந்தபிறகும் முன்பணம் போகவில்லை. ஒரு தொழிலாளி தோட்டம் மாற வேண்டும் என்றால் அவர் தலையில் உள்ள கடனை எழுதிய ‘துண்டு’ ஒன்று தேவைப்பட்டது, புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகர முடியும். 1921-இல்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். அந்த அக்கா ரோட்டில் தராசின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. நூறு வருடம் கழித்து வேறு மலை, சொந்த நிலம், ஆனால் முன்பணம் பிடித்திருக்கிற பிடி அதே பிடி.

திரும்பி வரும் வழியில் அண்ணாச்சி வாயைத் திறக்கவே இல்லை. சித்தரேவில் டீ குடிக்க இறங்கியபோது ஒரு கணக்குப் போட்டார், சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில். சுமார் ஆறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ பச்சைக் கொட்டை. வறுத்தால் அதில் ஆறில் ஒரு பங்கு எடை காற்றோடு போய்விடும். அதில் இருபது பங்கு சிக்கரி சேர்த்தால் ஒரு கிலோ எண்பதுக்கு இருபது தூள். அதாவது நாம் வாங்கும் ஒரு கிலோ தூளுக்குப் பின்னால் கிட்டத்தட்ட ஆறு கிலோ பழம். ஒரு டம்ளருக்குப் பத்து கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய நாற்பது பழம். நாற்பது தடவை ஒரு விரல் திருகியிருக்கிறது. வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் டவராவில் ஆற்றும்போது அந்த நாற்பதை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த ஜூனில் அண்ணாச்சி மலைக்குப் போய் அக்காவுக்கு முன்பணத்தை அவரே கொடுத்தார். வட்டி இல்லை, விலையையும் முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. பழம் இறக்குகிற அன்று அந்த வட்டாரத்தில் என்ன விலையோ அதற்கு மேல் கொஞ்சம், ஆனால் சிவந்த பழம் மட்டும்தான் வேண்டும். மார்கழியில் ஒரு எலக்ட்ரானிக் தராசை ஆட்டோவில் கட்டிக்கொண்டு போய், எண் தெரிகிற பக்கத்தை அக்காவைப் பார்த்து வைத்தார். அவருடைய கடையிலும் எண் வாடிக்கையாளரைப் பார்த்துத்தானே இருக்கும், அதைத்தான் அங்கேயும் செய்தேன் என்று சாதாரணமாகச் சொன்னார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அடுத்த வருடம் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பல்பர், பழையது, வாங்கிப் போட அவர் பணம் கொடுத்தார், மூன்று அறுவடையில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. மூங்கிலும் வலையும் வைத்து இடுப்பு உயரத்தில் காயவைக்கும் பந்தல்கள் கட்டினார்கள், மழை வந்தால் மேலே தார்ப்பாய். மண் தரையில் காய்ந்த கொட்டையில் வரும் அந்த ஈர வாடை போய்விட்டது.

அவர் செய்ததற்கும் தங்கை கொண்டுவந்த பொட்டலத்தின் முத்திரைக்கும் ஒரு உறவு இருப்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அந்த முத்திரை பிறந்ததே நெதர்லாந்தில்தான், 1988-இல், மேக்ஸ் ஹாவெலார் என்ற பெயரில். மெக்சிகோவின் ஓஹாகா மலைகளில் பழங்குடி விவசாயிகள் யூசிரி என்று ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தார்கள், அவர்களோடு வேலை செய்த பிரான்ஸ் வான் டெர் ஹாஃப் என்ற பாதிரியாரும் நெதர்லாந்தில் நிக்கோ ரோசன் என்பவரும் சேர்ந்து, இந்தக் காப்பியைத் தர்ம சிந்தனை உள்ளவர்களின் சின்னக் கடைகளில் மட்டும் விற்றால் போதாது, எல்லாரும் போகிற கடைகளுக்கும் கொண்டுபோக வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. மறுவருடமே, 1989 ஜூலையில், உலக நாடுகள் ஏற்றுமதிக்கு அளவு வைத்துக் காப்பி விலையைத் தாங்கிப் பிடித்திருந்த ஒப்பந்தம் உடைந்தது. விலை தரையில் விழுந்தது.

நம் நாட்டில் அப்போது விளைந்த காப்பி எல்லாவற்றையும் காப்பி வாரியம்தான் வாங்கி விற்றுக்கொண்டிருந்தது, விவசாயிக்குத் தவணை தவணையாகப் பணம் வரும். 1992 முதல் அதைத் தளர்த்திக்கொண்டே வந்து 1996-இல் முழுசாக விட்டுவிட்டார்கள். விற்கச் சுதந்திரம் கிடைத்தது, ஆனால் 2001 வாக்கில் நியூயார்க் சந்தையில் ஒரு பவுண்டு (அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு) அரபிகா ரகக் காப்பி 50 சென்டுக்கும் கீழே போனபோது தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை. அந்த வருடங்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டோம் என்று மலையில் வயதானவர்கள் சொல்கிறார்கள்.

முத்திரையின் அடிப்படை ஏற்பாடு எளிமையானதுதான். சந்தை எவ்வளவு விழுந்தாலும் இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று ஒரு தரை விலை. தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த அரபிகாவுக்கு அது பவுண்டுக்கு 1.40 டாலராக இருந்தது, 2023 ஆகஸ்டிலிருந்து 1.80 டாலர். சந்தை விலை அதற்கு மேலே போனால் சந்தை விலை. அதற்கு மேல் 20 சென்ட் கூட்டமைப்புக்கு, பள்ளிக்கூடமோ எந்திரமோ எதற்கு என்பதை அவர்களே கூடி முடிவு செய்ய வேண்டும். அப்புறம் நான் முக்கியமாக நினைக்கிற ஒன்று, விவசாயிகள் கேட்டால் ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை வாங்குகிறவர் முன்பணமாகத் தர வேண்டும். மெக்சிகோவிலும் ஜூன் மாதம் பீஸ் கட்டுகிற பிரச்சினை இருந்திருக்கும் போல. கட்டிப்போடுகிற முன்பணம் இல்லாமல் கைகொடுக்கிற முன்பணம் ஒன்று வேண்டும் என்பதை அங்கேயும் யாரோ பட்டுத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அண்ணாச்சியின் காப்பிக்கு முத்திரை கிடையாது. வாங்கவும் முடியாது, ஐந்தாறு வீட்டுக்காரர்கள் சங்கம் பதிந்து தணிக்கைக் கட்டணம் கட்டி வருடா வருடம் காகிதம் காட்டுவது நடக்காத காரியம். அதற்காக முத்திரை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆம்ஸ்டர்டாமில் குடிக்கிற என் தங்கைக்கு ஓஹாகாவில் தராசு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று போய்ப் பார்க்க வழி இல்லை, அவளுக்காக வேறொருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து குத்துகிற முத்திரை அது. ஆந்திராவில் அரக்கு பள்ளத்தாக்குப் பழங்குடி விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து தங்கள் காப்பியைப் பாரிஸ் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். கோத்தகிரியில் ஆதிமலை என்ற உற்பத்தியாளர் நிறுவனம், பழங்குடியினரே அதன் பங்குதாரர்கள், தேனும் மிளகும் காப்பியும் அவர்கள் பெயரிலேயே விற்கிறார்கள். தூரம் கூடக்கூட அமைப்பும் எழுத்தும் வேண்டியிருக்கிறது. எழுபது கிலோமீட்டரில் மலை இருக்கிற நமக்கு ஒரு ஆட்டோவும் ஒரு தராசும் போதும், போகத்தான் மனசு வேண்டும்.

உண்மையான சோதனை 2024-இல் வந்தது. பிரேசிலில் வறட்சி, வியட்நாமில் வறட்சி, காப்பி விலை ஏற ஆரம்பித்தது, 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டிப் போனது. தெருவில் தூள் விலை மாதத்துக்கு ஒரு தடவை ஏறியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்ட நேரத்தில் கடைக்காரருக்கு ஒரு சுலபமான வழி உண்டு. சட்டப்படி காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். எண்பதை எழுபதாக்கி, எழுபதை அறுபதாக்கி, விலையை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பொட்டலத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் சதவீதத்தை யார் படிக்கிறார்கள்?

அண்ணாச்சி ஒரு கரும்பலகை வாங்கி வாசலில் மாட்டினார். மலையில் பழம் இன்ன விலைக்கு வாங்கினேன், ஆறு கிலோவுக்கு ஒரு கிலோ, வண்டி வாடகை இவ்வளவு, வறுத்ததில் எடை இழப்பு இவ்வளவு, கேஸ், கரண்டு, சிக்கரி, கூலி, எனக்கு இவ்வளவு, ஆகமொத்தம் விலை. ‘எனக்கு’ என்று ஒரு வரி எழுதிய கடையை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. தெருவில் பேச்சுக் கிளம்பியது. சிலர் பெரிய கம்பெனிப் பாக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். ஓய்வூதியக்காரர்கள் கால் கிலோவை இருநூறு கிராமாக்கினார்கள். அவர்களுக்காக ஐம்பது கிராம் பொட்டலம் போட ஆரம்பித்தார், முன்பெல்லாம் அப்படிப் போட மாட்டார். ஆனால் எங்கள் வீட்டு எண்பது எண்பதாகவே இருந்தது. பெரும்பாலோர் போகவில்லை. சாவு வீட்டுக்குக் கேட்காமல் தூள் அனுப்பியவர் எழுதுகிற கணக்கு பொய்யாக இருக்காது என்று தெருவுக்குத் தெரியும். அந்த நம்பிக்கை இல்லாத ஒரு கடைக்காரர் மலையில் கூடுதல் விலை கொடுத்திருந்தால் இரண்டே மாதத்தில் கடையைச் சாத்தியிருப்பார் என்று நினைக்கிறேன். தெருவில் நாற்பது வருடமாகச் சேர்த்து வைத்ததைத்தான் அவர் அந்த வருடம் மலையில் செலவழித்தார்.

மலையிலும் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. விலை ஏறியதும் வேன் வியாபாரி அண்ணாச்சியைவிடக் கூட்டிக் கேட்டார், கையில் ரொக்கத்தோடு. இரண்டு வீட்டுக்காரர்கள் அந்த வருடம் முழுசாக அவருக்கே போட்டுவிட்டார்கள், பல்பருக்குக் கழிக்க வேண்டிய தொகையும் நின்றது. அக்கா பாதி அங்கே, பாதி இங்கே என்று போட்டார், அதை முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லியும்விட்டார். எனக்குக் கோபமாக வந்தது. அண்ணாச்சிக்கு வரவில்லை. “விலை விழுந்தப்ப நஷ்டப்பட்டது அவங்கதானே, ஏறும்போது நாலு காசு பாக்கட்டும்” என்றார். உலகம் முழுக்க நியாய வணிகக் கூட்டுறவுகளுக்கும் அந்த வருடம் இதே தலைவலி, உறுப்பினர்கள் சங்கத்துக்குப் போடாமல் வெளியே விற்றார்கள் என்று தங்கை போனில் சொன்னாள். விலை உச்சத்தில் இருக்கும்போது தரை விலை யாருக்கும் தேவைப்படுவதில்லை. ஏறியது இறங்கும், மலையில் இருக்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த இரண்டு வீட்டுக்காரர்களில் ஒருவர் போன ஜூனில் திரும்பி வந்துவிட்டார்.

இன்னொரு விஷயம் எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அக்காவின் காட்டில் அவரோடு பழம் பறிப்பவர்கள் மூன்று பெண்கள், அதில் இருவர் பளியர் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். அண்ணாச்சி கொடுக்கிற கூடுதல் விலை அக்காவுக்குப் போகிறது. அக்காவிடமிருந்து அவர்களுக்கு எவ்வளவு போகிறது? பச்சைக் காயை விட்டுச் சிவந்ததை மட்டும் எடுத்தால் ஒரு நாளில் பறிக்கிற எடை குறையும், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் தரமான காப்பிக்கு அவர்கள்தான் விலை கொடுக்கிறார்கள். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, அது என் கடைக்குள்ள வராதும்மா, அவங்க காட்டுக் கூலியை நான் எப்படிப் பேசுறது என்றார். நான் விடவில்லை. பேசினார். இப்போது பறிப்பு நாட்களில் கிலோக் கணக்கு இல்லாமல் நாள் கூலி. உலக அளவிலும் இது தீராத பேச்சுதான். சர்வதேச முத்திரை காப்பிக்குச் சிறு விவசாயிகளின் சங்கங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும், கூலியாட்களை வைத்து நடத்தும் எஸ்டேட்டுக்குக் கிடையாது. இந்த விஷயத்தில்தான் முக்கியமாக 2011-இல் அமெரிக்காவின் நியாய வணிக அமைப்பு தனியாகப் பிரிந்து போனது. எஸ்டேட்டுக்குள்ளே இருக்கிற கூலித் தொழிலாளிக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்பது அவர்கள் வாதம், பெரிய எஸ்டேட்டை உள்ளே விட்டால் சிறியவர்கள் நசுங்கிவிடுவார்கள் என்பது மற்றவர்கள் வாதம். கண்டி மலைக்கு நடந்து போனவர்களின் ஊர்க்காரியாக எனக்கு முதல் வாதத்தைத் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் அக்காவின் ஒண்ணே முக்கால் ஏக்கரைப் பார்த்தபிறகு இரண்டாவதையும் தள்ளிவிட முடியவில்லை.

இந்த மாசித் திருவிழாவுக்கு அக்கா மகனோடு கீழே வந்திருந்தார், கோட்டை மாரியம்மனுக்கு ஏதோ நேர்த்திக்கடன். சாமி கும்பிட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்தார்கள், தற்செயலாக நானும் அங்கே இருந்தேன். உள்ளே ஒரு ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார் அண்ணாச்சி. அக்காவின் காட்டுக் கொட்டையைத்தான் அன்று வறுத்திருந்தார். சூட்டோடு அரைத்து, பக்கத்து டீக்கடையில் பால் வாங்கி, டிகாக்‌ஷன் இறங்குகிற வரை பேசிக்கொண்டிருந்தோம். மலையில் அவர்கள் வீட்டில் குடிப்பது விற்காமல் கழித்த கொட்டை, தண்ணீரில் மிதந்தது, வண்டு துளைத்தது, தரையில் உதிர்ந்தது, அதை இரும்புச் சட்டியில் கருக வறுத்து இடித்துக் கருப்பட்டி போட்டுக் குடிப்பார்கள். நல்ல கொட்டை எல்லாம் கீழே வந்துவிடும். ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது அவருக்கு, தன் காட்டு நல்ல பழத்தில் போட்ட காப்பியை அன்றுதான் குடித்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, “நம்ம காட்டுதா இது?” என்று இரண்டு தடவை கேட்டார். மகன் சிரித்தான்.

குடித்து முடித்து எழுந்தவர் வாசலில் இருந்த கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார். மகன் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னான். பழம் விலை, வண்டி, எடை இழப்பு, கேஸ், சிக்கரி, கூலி, ‘எனக்கு’. அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றார். விரலை மடக்கி மடக்கி எதையோ கூட்டினார், ஒரு தடவை தப்பாகிவிட்டது போல, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்புறம் உள்ளே வந்து, “அண்ணாச்சி, வர்ற வருசம் கிலோவுக்கு ரெண்டு ரூவா சேத்துப் போடணும். பலகையில இடம் இருக்கு” என்றார்.

அண்ணாச்சி ஸ்டூலை மறுபடி இழுத்துப் போட்டார். “உக்காருங்கக்கா, பேசலாம்.”